என்எஃப்எஸ் இருக்க பயமேன்?

ராத்திரி 500 ஜாப்பை வரிசையில விட்டுட்டு வீட்டுக்குப் போயாச்சு. காலையில வந்து பார்த்தா பாதி முடிஞ்சிருக்கு, மீதி 'அப்படி ஒரு ஃபைலே இல்லை'ன்னு செத்துக் கிடக்கு. கிளஸ்டரைக் கட்டி மேய்க்கிற யாருக்கும் இது புதுசில்ல மக்களே. உடனே ஒரு வைத்தியம் சொல்லுவாங்க: "எல்லா மெஷினுக்கும் பொதுவா ஒரு என்எஃப்எஸ் மவுண்ட் போட்டுடுங்க சார், தீர்ந்துச்சு!"

எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

என்எஃப்எஸ் நல்ல சாமான்தான். 1980-களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கினது. எங்கேயோ இருக்கற ஃபைலை உள்ளூர் டிஸ்க்குல இருக்கற மாதிரியே காட்டும். அந்த மாயம்தான் தொந்தரவே. 500 ஜாப்பும் ஒரே நேரத்துல போய்க் கேட்டா சர்வர் திணறும். சும்மா லாகின் பண்ணி எல்எஸ் அடிக்கிற அப்பாவியும் சேர்ந்து தொங்குவான்.

கேஷ் விவகாரம் வேற. லினக்ஸ்ல ஃபைல் விவரங்களை 3-லேர்ந்து 60 வினாடி, டைரக்டரி விவரங்களை 30-லேர்ந்து 60 வினாடி வரைக்கும் வழக்கமா ஞாபகத்துல வெச்சுக்கும். ஒரு ஜாப் எழுதி முடிச்ச ஃபைலை, பக்கத்து மெஷின்ல ஓடுற ஜாப் 'இல்லவே இல்லை'ன்னு சாதிக்கறது பல சமயம் இதனாலதான்.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துல 1980-களில் பிறந்த காண்டார் (2012-லேர்ந்து பேர் ஹெச்டிகாண்டார்), மேஜை மேல சும்மா கிடக்குற கம்ப்யூட்டர்களைப் பிடிச்சு வேலை வாங்க வந்தது. யார் டிஸ்க் யாருக்குத் தெரியும்? அதனால, தேவையான ஃபைல்களை நீங்க எழுதிக் குடுத்தா, ஓடுற மெஷின்ல ஒரு தற்காலிக டைரக்டரிக்குக் கொண்டுபோய், முடிஞ்சதும் விடைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, டைரக்டரியைத் துடைச்சிடும்.

'ஃபைலை அனுப்பவா?'ங்கற கேள்விக்கு மூணு பதில்: ஆமா, வேணாம், தேவைப்பட்டா. இந்த மூணாவதுதான் வில்லங்கம். ரெண்டு மெஷினுக்கும் அட்மின் ஒரே ஃபைல்சிஸ்டம் டொமைன் பேர் வெச்சிருந்தா, டிஸ்க் பொதுன்னு முடிவு பண்ணிடும். மவுண்ட் நிஜமாவே இருக்கான்னு எட்டிக்கூடப் பாக்காது. காலையில பாதி ஜாப் செத்துக் கிடக்க இது போதாதா?

அதனால என் ஓட்டு 'ஆமா'வுக்குத்தான். எந்த ஃபைல் வேணும்னு எழுதறது சலிப்பான வேலைதான். ஆனா எழுதிட்டா அந்த ஜாப் எந்த ஊர் மெஷின்லயும் ஓடும். 50 ஜிபி டேட்டான்னா கதை வேற. 500 தடவை அனுப்பினா 25 டிபி, நெட்வொர்க் தாங்காது. அதை மட்டும் ஒவ்வொரு மெஷின்லயும் ஒருதடவை இறக்கி வெச்சுக்கலாம். ஸ்லர்ம் ஆளுங்களுக்கு எஸ்பிகாஸ்ட்னு கட்டளையே இருக்கு.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. ஹெச்டிகாண்டார் தானாத் திருப்பி அனுப்பறது மேல்மட்டத்துல உண்டான ஃபைல்களை மட்டும்தான். ஆராய்ச்சி மாணவர் ஒருத்தர் மூணு நாள் ஓட்டின விடையை உள்ளே ஒரு சப்-டைரக்டரியில எழுதியிருந்தா, பேர் சொல்லிக் கேக்கணும். கேக்கலைன்னா, ஜாப் வெற்றிகரமா முடிஞ்சதுன்னு செய்தி வரும். விடை வராது :-(