பிரசவ வலி: முன்கூட்டியே சொல்லுங்கள், கேட்டால் குறையுங்கள்

பிரசவ வலி எப்படி இருக்கும் என்று கர்ப்பிணிக்கு ஒளிவுமறைவில்லாமல் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். அவர் கேட்கும்போது அதைக் குறைக்கவும் வழிசெய்ய வேண்டும். இரண்டுமே மருத்துவமனையின் கடமை என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் செக்கப்பில் பார்க்கிறார்கள். வலியைப் பற்றி உட்காரவைத்துப் பேசுவதுதான் அரிது. வளைகாப்புக்கு வந்தவர்கள் சொல்லும் கதைகளே பாடமாகிவிடுகின்றன. செத்துப் பிழைத்தேன் என்பவர் ஒருவர், களை எடுத்துவிட்டு வந்து பெற்றேன் என்பவர் இன்னொருவர். தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சூட்டு வலி எனப்படும் பொய் வலி சற்று நடந்தாலோ, சீரகக் கஷாயம் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றிப் பிடிக்கும். வரவர நெருங்கி வரும். ஆனாலும் ஒவ்வொரு வலியும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான்; பிறகு விட்டுவிடும். இது தெரிந்த பெண் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்கிறார். தெரியாதவர் அடுத்த வலிக்குப் பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டே கிடக்கிறார். கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும். மணிக்கு 1 செ.மீ. திறந்தே தீர வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து அவசரப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. இடைவெளியே இல்லாத வலி, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை வேறு கதை; அப்போது தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உடன் ஒருவர் இருப்பது பெரிய துணை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒருவரை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. வலி ஏறும்போது அம்மாவோ அக்காவோ உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகின் கீழ்ப்பக்கத்தை அழுத்திப் பிடிப்பார். வலி விட்டதும் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து நடக்கவைப்பார். இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் இடமில்லை என்று துணைக்கு வந்தவரை வராந்தாவிலேயே நிறுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கணவரை விடாததற்கு மற்ற பெண்களின் மறைவைக் காரணமாகச் சொல்கிறார்கள். நியாயம்தான், அதற்குக் கட்டிலுக்குக் கட்டில் திரை போட்டால் போயிற்று. கத்தாதே என்று அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் எந்த மருத்துவப் பாடத்திலும் இல்லை. பிரசவ அறைத் தரத்தை உயர்த்துவதற்கான மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம் கேட்பதும் மரியாதையான கவனிப்பைத்தான்.

வலி குறைக்கும் எபிடூரல் பற்றிய பயத்துக்கும் அளவில்லை. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் இந்த முறையால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிசேரியன் வாய்ப்பையும் அது கூட்டுவதில்லை. முக்கும் நேரம் சற்று நீளலாம். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் மயக்க மருத்துவர் தேவை. அவர் இல்லாத ஊரில் வலியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை ஏட்டளவில்தான். அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கும் மயக்க மருத்துவரை நியமிக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். ஊசி வேண்டாம் என்று சொல்பவரை வற்புறுத்துவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

வலிக்குப் பயந்தே சிசேரியன் கேட்கும் பெண்களும் உண்டு. அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. இதற்குக் காரணங்கள் பல. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வயிற்றுத் தையலின் வலியோடு பிள்ளையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்ன பிறகே அவரிடம் முடிவு கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள்: என்னோடு யார் இருக்கலாம்? வலியில் நடக்க, உட்கார விடுவீர்களா? வலி குறைக்க இங்கே என்ன வசதி உண்டு? பதில் கிடைக்கும்வரை எழுந்துவராதீர்கள்.