புலிக்கு மட்டும் லீவு கிடையாதா?

குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. முடி வெட்டும் கடைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. வண்டலூர் புலிக்கும் அதே செவ்வாய்க்கிழமைதான் லீவு!

சிரிக்க வேண்டாம். பூங்கா அதிகாரிகள் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல இது. சட்டப்படி உள்ள உரிமை. வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளரை உள்ளே விடாமல் மூடி வைக்க வேண்டும் என்று மிருகக்காட்சி சாலை அங்கீகார விதிகள் சொல்லுகின்றன. 1992-ல் வந்த விதிகளிலும் இது இருந்தது. 2009-ல் புதிதாக எழுதிய விதிகளிலும் இருக்கிறது.

அந்த ஒரு நாளில்தான் கூண்டை நிதானமாகக் கழுவ முடியும். அகழியில் இறங்கிச் சுவரைச் சோதிக்க முடியும். சுணங்கிக் கிடக்கும் மிருகத்தை டாக்டர் ஆற அமரப் பார்க்க முடியும். மிருகமும் மனிதன் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் கண் அயரும்.

ஆனால் பொங்கல் வந்தால் என்ன ஆகிறது? "விடுமுறைக் கூட்டத்தை முன்னிட்டு செவ்வாய்க்கிழமையும் பூங்கா திறந்திருக்கும்" என்று அறிவிப்பு வந்து விடுகிறது. எல்லா வருஷமும் அல்ல. பண்டிகையும் செவ்வாயும் மோதும் வருஷங்களில். மோதினால் தோற்பது செவ்வாய்தான்.

ஜனங்களைத் தடுக்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு ரயில் ஏறி வருகிற குடும்பத்தை வாசலில் திருப்பி அனுப்புவது பாவம். திறக்கட்டும். ஆனால் சர்க்கார் ஆபீசில் லீவு நாளில் வேலை பார்த்தால் ஈடுசெய் விடுப்பு உண்டே! அதே வாரத்தில் வேறொரு நாள் பூங்காவை மூடினால் யார் குடி முழுகிவிடும்?

கல் எறிந்தால் ஜெயில்!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கூண்டில் இருக்கும் மிருகத்தைச் சீண்டுவது குற்றம். தொந்தரவு செய்வதும், காயப்படுத்துவதும், தின்பண்டம் போடுவதும் குற்றம். கூச்சல் போட்டு அதன் அமைதியைக் கெடுப்பதும் குற்றம். பூங்காவுக்குள் குப்பை போடுவதும் கூட! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு இது. ஆறு மாதம் வரை உள்ளே தள்ளலாம்.

புலி பகலில் பெரும்பாலும் படுத்துத்தான் கிடக்கும். அதன் சுபாவம் அது. டிக்கெட் வாங்கிய ஆசாமிக்கு அது பொறுக்குமா? "ஏய், எழுந்திருடா!" என்று ஒரு குரல். கூடவே விசில். பிறகு காலி பாட்டில், கடைசியில் கல். பக்கத்தில் நிற்கும் அப்பன்காரன் தடுக்கிறானா என்றால், அவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

மான் கூண்டுப் பக்கம் சிப்ஸ் பாக்கெட். மான் அசை போடுகிற ஜாதி. உப்பு ருசிக்குப் பாக்கெட்டையும் சேர்த்து விழுங்கும். பிளாஸ்டிக் செரிப்பதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மான் மட்டும் எலும்பும் தோலுமாகிச் சாகும்.

டெல்லியில் 23-9-2014 அன்று நடந்ததை மறக்க முடியாது. இருபது வயது வாலிபர் ஒருவர் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்து விட்டார். புலி உடனே பாயவில்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மேலே நின்ற கூட்டம் கூச்சல் போட்டது, கல்லை வீசியது. வாலிபரைக் காப்பாற்றும் எண்ணம்தான். ஆனால் மிரண்ட புலி அவர் கழுத்தைக் கவ்விவிட்டது. மயக்க ஊசியோடு ஆள் வந்து சேருமுன் எல்லாம் முடிந்து போயிற்று. தடுப்புச் சுவரின் உயரம் எவ்வளவு, அவசரத்துக்கு ஆள் எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் மிருகத்துக்காக மட்டும் கேட்கிற கேள்வி அல்ல.

உயிர் காலேஜ்

பட்டணத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் மியூசியம் வளாகத்தில் ஆரம்பித்து வைத்தது, சில ஆண்டுகளில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. ஒரு பக்கம் சென்ட்ரல் ஸ்டேஷன் இரைச்சல், இன்னொரு பக்கம் ஜன நெரிசல். அங்கிருந்து வண்டலூருக்கு மாறி, 24-7-1985-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். 1,200 ஏக்கருக்கு மேல் காடு. கம்பிக்குப் பதில் அகழி. நாட்டிலேயே நல்ல பூங்காக்களில் ஒன்று என்று இன்றும் தாராளமாகச் சொல்லலாம்.

எல்லா ஊரிலும் இப்படியா? 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபோது மிருகக்காட்சி சாலைக்கென்று அதில் ஓர் அத்தியாயம் கிடையாது. நாலு கூண்டு, இரண்டு குரங்கு, ஒரு கரடி இருந்தால் போதும், மிருகக்காட்சி சாலை ரெடி! 1991-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் வந்தது. அங்கீகாரம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றார்கள்.

ஆணையமே கொடுத்த ஒரு கணக்கு: பரிசீலித்தவை 513. அங்கீகாரம் பெற்றவை 167. மறுக்கப்பட்டவை 346! மூன்றில் இரண்டு, மிருகத்தை வைத்திருக்கவே லாயக்கில்லாத இடங்கள். ஆணையம் வருமுன் அங்கே அடைபட்டுக் கிடந்த ஜீவன்கள் பட்ட பாட்டை யார் எழுதி வைத்தார்கள்?

அங்கீகாரம் பெற்றுவிட்டால் மட்டும் ஆபத்து போய்விடாது. ஒடிசாவின் நந்தன்கானனில் 2000-ம் ஆண்டு ஜூலையில் ஒரு டஜன் புலிகள் அடுத்தடுத்துச் செத்தன. ரத்தத்தில் பரவும் ஒட்டுண்ணி நோய். வண்டலூரிலேயே 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைப் பிடித்தது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் பலியாயின. அப்போது பூங்காவில் பார்வையாளரே கிடையாது! கூட்டம் இல்லாதபோதே இந்தக் கதி என்றால், கம்பியை ஒட்டி ஆயிரக்கணக்கில் ஜனம் நெருக்கியடிக்கும் நாளில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்? அதற்குப் பிறகு கூண்டு கழுவ ஒரு நாள் கூட இல்லை என்றால்?

காணும் பொங்கலன்று வண்டலூரில் குழந்தைகள் தொலையாமல் இருக்க, கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதே வாசலில் 38-ஜே பிரிவையும், ஆறு மாதத் தண்டனையையும் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டலாம். புலி, சிங்கம், குரங்குக் கூண்டுகள் பக்கம் மப்டியில் நாலு போலீஸ்காரர்களை நிறுத்தலாம். கல் எடுக்கிறவன் சட்டையைப் பிடித்து அன்றைக்கே கேஸ் போட்டால், மறுநாள் செய்தியைப் படிக்கிற பத்துப் பேர் கையைச் சும்மா வைத்துக்கொள்வார்கள்.

ஈடுசெய் விடுப்புக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. பூங்கா டைரக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த பொங்கலுக்குக் கூடுதல் டிக்கெட் கவுன்ட்டர் திறக்க உத்தரவு போடும்போது, அதே தாளில் அதையும் எழுதி விடலாம்.