நூறு வயது இரகசியமும் எங்கள் மூத்தவர்களும்



ஒகினாவாக்காரர் என்ன சாப்பிடுகிறார்கள், 'இக்கிகாய்' என்றால் என்ன, நூறு வயது வாழ ஏழு வழி. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 2025 முழுக்க இதுதான் சுற்றியது.

அந்தக் கதைகளின் அத்திவாரமே ஆடுகிறது. அமெரிக்காவில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததும் 110 வயதைத் தாண்டியதாகப் பதிவானவர்கள் சரசரவென்று குறைந்தார்கள் என்று சோல் ஜஸ்டின் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2024இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. 2010இல் ஜப்பான் தேடிப் பார்த்தபோது, பதிவேட்டில் உயிரோடு இருந்த 230,000க்கும் மேற்பட்ட நூறு வயதுக்காரர்களைக் காணவில்லை. அங்கே பத்திரம் இருந்தது, ஆள் இல்லை.

எங்களிடம் தலைகீழ். ஆள் இருக்கிறார், பத்திரம் இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் விரட்டியபோது எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் எத்தனை பேரால் பத்திரங்களைத் தேடி எடுக்க முடிந்தது? அன்று 35 வயதில் பிள்ளைகளோடு கற்பிட்டிக்கு வள்ளம் ஏறியவருக்கு 2025இல் 70. முதியோர் கொடுப்பனவு கேட்கும் வயது. கேட்கப் போனால் சிலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சிலருக்குப் பதிவு புத்தளத்தில், வாழ்க்கை மன்னாரில்.

இவர்களை விட்டுவிட்டு ஜப்பான் கிழவரின் சாப்பாட்டை ஆராய்வதில் என்ன நியாயம்?

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தம்மா, அப்பாவின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பிறப்புப் பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். படிவம் நிரப்பித் தர ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 1990ஐ அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். அதற்கு வேறு பதிவேடு இல்லை.