மெய்யழகனை வெட்டுனது யாரு?

2024 டாப் டென் லிஸ்ட் எத்தனையோ படிச்சாச்சு. என் பங்குக்கு ஒரு புலம்பல்.

அந்த வருஷம் எனக்குப் பிடிச்ச படம் மெய்யழகன். ரெண்டு பேர் விடிய விடியப் பேசுறாங்க, அவ்வளவுதான். கோவிந்த் வசந்தா இசையில கமல் பாடினப்போ கண்ணு கலங்கிடுச்சு. "இழுவை"ன்னு நாம கத்துன கத்துல, ரிலீசான சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்க. வெட்டுனதுல நிறைய பேச்சு. அந்தப் பேச்சுதானய்யா படமே!

பொறுமை இல்லையாம். அதே வருஷம் ஆரம்பிச்ச பிக்பாஸ் எட்டாவது சீசனை நூறு நாளைக்கு மேல உக்காந்து பார்த்தது யாராம்?

புத்தகம்? கேக்கவே வேணாம். சி.சு.செல்லப்பா வளர்ந்த ஊர் எங்க வத்தலக்குண்டு. 1959-ல 'எழுத்து' பத்திரிகை ஆரம்பிச்சு, புத்தகங்களைத் தோள்ல சுமந்து காலேஜ் காலேஜா வித்த மனுஷன். அவரோட 'வாடிவாசல்' ஒரே மூச்சுல படிச்சிடலாம். டீக்கடையில பேச்செடுத்தேன். "சூர்யா படம்தானே தம்பி?"ன்னாரு ஒரு அண்ணன். அங்க இருந்த யாரும் படிச்சதில்லை.

நானும் யோக்கியன் இல்லை மக்களே. மெய்யழகன் ஓடுறப்போ ரெண்டு தடவை செல்போனை எடுத்துப் பார்த்தேன். அந்த 18 நிமிஷத்துல என் பங்கும் இருக்கு.