தேர் இழுக்க எல்லாரும் உண்டு, முட்டுக்கட்டை போட யார்?

போன ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது ஊர்க்காரர் ஒருவர் மறித்தார். பதினைந்து வருடமாக உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். "தம்பி, நீங்கள் கொம்பியூட்டர் படிச்சனீங்கள்தானே, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று தொலைபேசியை நீட்டினார். விசா காட் புதுப்பிக்க இணையத்தில் விண்ணப்பித்து மாதக்கணக்காகிவிட்டது. திரையில் ஒரே வரிதான்: கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. காட் முடிய ஒன்பது நாள். இடைக்காலத்துக்குத் தரவேண்டிய நீடிப்புப் பத்திரம் வரவில்லை. முதலாளி நல்ல மனிசன்தான், ஆனால் காட் முடிந்தவரை வேலைக்கு வைத்திருந்தால் தண்டம் முதலாளிக்கு. "பத்திரம் வந்தாப் பிறகு வா" என்று சொல்லிவிட்டாராம்.

கொஞ்ச நேரம் தோண்டிப் பார்த்ததில் பிழை விளங்கியது. காசு வாங்கி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் வீட்டு அத்தாட்சிக்குப் பழைய கரண்ட் பில்லை ஏற்றியிருக்கிறார். அனுப்பிய பிறகு அதை மாற்ற ஒரு பொத்தான் இல்லை. இப்படியான சிஸ்டங்களைக் கட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்த நடைபாதையில் நின்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நான் வேலை செய்வதும் ஒரு அரசுத் திட்டத்தில்தான். எதுவென்று இங்கே சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமைக் கூட்டம் முடியும்போது யாராவது ஒருவர் "எல்லாரும் ஒரே கோட்டில்தானே?" என்று கேட்பார். பிரெஞ்சுக்காரருக்கு இந்த 'அலினியே' என்ற சொல்லில் பெரிய ஆசை. எல்லாரும் தலையாட்டுவோம். ஒருவர் திகதிக்குத் தலையாட்டுகிறார், ஒருவர் பட்ஜெட்டுக்கு, இன்னொருவர் சட்டப்பிரிவுக்கு. நான் கூட்டம் முடியட்டும் என்று தலையாட்டுகிறேன். இதற்குப் பெயர்தான் அலைன்மென்ட். மூன்று வருடத்தில் ஒருவர்கூட "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள்காரர் கூடி எழுதிய அஜைல் பிரகடனம் பெரிய வேதாந்தம் ஒன்றுமில்லை. சின்னதாகச் செய், பாவிக்கிறவரிடம் கொடு, அவர் படும் பாட்டைப் பார், அடுத்ததை மாற்று. இப்போது எங்கள் துறையில் அது சடங்காகிவிட்டது. ஒட்டுத்தாள், காலைக் கூட்டம், இரண்டு கிழமைக்கு ஒரு டெமோ எல்லாம் ஒழுங்காக நடக்கும். பாவிக்கிறவரை மட்டும் யாரும் கண்டதில்லை.

அந்த ஊர்க்காரர் மாட்டிக்கொண்டது 'அனெஃப்' என்ற உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில். வெளிநாட்டவருக்கான நிர்வாகத்தை முழுக்க இணையத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. முந்தி பொபினி பிரெபெக்சர் வாசலில் இரவிரவாக வரிசையில் நின்றவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அந்த வரிசையை ஒழிக்கும் நோக்கம் சரியானதே. வெளியிட்ட முறையும் தாளில் பார்த்தால் அஜைல் போலத்தான் தெரியும். 2020 செப்டம்பரில் மாணவர் விசா, அடுத்த ஆண்டு திறமையாளர் விசா, பிறகு ஒவ்வொரு வகையாக. ஆனால் துண்டு துண்டாக வெட்டிப் பரிமாறுவது மட்டும் அஜைல் ஆகாது. முதல் துண்டைத் தின்றவருக்கு வயிற்றுவலி வந்தால் இரண்டாவது துண்டை நிறுத்திவைக்கவேண்டும். அப்படி நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும்.

நிறுத்தியது நீதிமன்றம். 2022 ஜூன் 3 அன்று கொன்செய் தெத்தா, அதாவது இங்குள்ள அதியுயர் நிர்வாக நீதிமன்றம், இணையவழியைக் கட்டாயமாக்கலாம், ஆனால் அதில் விண்ணப்பிக்க முடியாமல் போகிறவருக்கு வேறு வழி இருந்தே ஆகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் 2024 டிசம்பரில் உரிமைகள் பாதுகாவலர் கிளேர் எதோன் இந்தத் தளத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிடவேண்டி வந்தது. அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்த முடியாமை, ஒரே நேரத்தில் இரண்டு விண்ணப்பம் போட முடியாமை, நீடிப்புப் பத்திரம் பிந்துவதால் வேலையும் உதவித்தொகையும் பறிபோவது எல்லாம் அதில் இருக்கின்றன. அவரது அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இப்போது வெளிநாட்டவர் உரிமை சம்பந்தப்பட்டவை. பொபினி வாசலில் நின்ற வரிசை அழியவில்லை, தொலைபேசிக்குள் போய்விட்டது. தெருவில் நின்றபோது தொலைக்காட்சிக்காரர் வந்து படம்பிடித்தார்கள், இப்போது அதுவும் இல்லை.

வெளிநாட்டவர் என்பதால்தான் இப்படி என்று நினைத்தால், முழு உண்மை அதுவல்ல. இதே அரசு தன் சொந்தப் படையினருக்கும் இதைச் செய்திருக்கிறது. 'லூவுவா' என்ற சம்பள மென்பொருளை 2011இல் தரைப்படைக்கு இறக்கினார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்கு அளவுக்கு மிஞ்சி வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். கணவன்மார் வெளிநாட்டுப் போர்முனையில் நிற்க, வீட்டில் வாடகை கட்ட வழியில்லாமல் மனைவிமார் அமைச்சரிடம் நேரே முறையிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வகைப் படிகளைக் கையாளத் தெரிந்த பழைய சம்பளப் பிரிவு ஊழியர்களை, புதியது ஓடத் தொடங்கும் அதே காலத்தில்தான் கலைத்தும் விட்டிருந்தார்கள். பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர் வீட்டுக்குப் போய்விட்டார். 2013 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சர் லு திரியான் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில், அரச ஊழியர் எல்லாருக்குமான இன்னொரு சம்பளத் திட்டமும், சுமார் 346 மில்லியன் யூரோ செலவானபின், கைவிடப்பட்டது.

லூவுவாவுக்குப் பதிலாக வந்த 'சூர்ஸ் சோல்த்' பற்றி எங்கள் துறையில் யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. கதைக்கவேண்டும். பழைய சிஸ்டத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே ஆளின் சம்பளத்தை இரண்டிலும் கணக்குப் பார்த்து, வித்தியாசம் ஏன் என்று தேடினார்கள். சரிவரும்வரை மாறவில்லை. 2019இல் கடற்படையில் தொடங்கி, பிறகுதான் மற்றப் படைகளுக்குப் போனார்கள். அதற்கு அஜைல் என்று பெயர் வைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. அமைச்சர், கணக்காளர், புரோகிராமர், கப்பலில் நிற்கும் மாலுமி எல்லாரும் ஒரே தாளைப் பார்த்தார்கள்: இந்த மாதச் சம்பளம் சரியா, பிழையா. அலைன்மென்ட் என்றால் இதுதான் என்பது என் எண்ணம். தலையாட்டுவதற்கு அங்கே இடமே இல்லை.

ஊரில் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஐந்நூறு பேர், அரோகரா போட ஆயிரம் பேர். ஆனால் சில்லுக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்து நடக்கிறாரே ஒருவர், தேர் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே நிற்கும் என்பது அவர் கையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் கெட்ட சொல். தேரடியில் அது இல்லாவிட்டால் ஆள் சாகும். அரசுத் திட்டங்களில் நாங்கள் தலைவர் என்று சம்பளம் கொடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் அரோகரா போடுபவர்களைத்தான்.

லண்டன் உறவுகளுக்கு யூனிவர்சல் கிரெடிட் கதை தெரிந்திருக்கும். அஜைல் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள், 2013இல் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கவேண்டி வந்தது. அந்த ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையின்படி 34 மில்லியன் பவுண் பெறுமதியான மென்பொருள் வீண். பிறகு சிறிய குழுவாகத் திரும்பக் கட்டி, 2014 நவம்பரில் சட்டன் பகுதியில் மட்டும் சோதித்தார்கள். அது ஓடியது. ஆனால் முதல் கொடுப்பனவுக்கு ஆறு கிழமை காத்திருக்கும் விதி அப்படியே இருந்ததால், ஓடுகிற மென்பொருளோடு சனம் கடன்பட்டது. குழு ஒற்றுமையாக நின்றால் மட்டும் போதாது, எதற்காக நிற்கிறது என்பதையும் யாராவது கேட்கவேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மா அப்பாவின் கடிதங்களை மொழிபெயர்த்து, படிவம் நிரப்பி, பிரெபெக்சர் ரந்தேவூவுக்காக நடுச்சாமத்தில் திரையைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். இந்த நாட்டு அரசின் சம்பளமில்லாத உதவி மேசை. உங்களில் எத்தனையோ பேர் இன்று அரசுக்கு மென்பொருள் கட்டும் நிறுவனங்களில் இருக்கிறீர்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த அனுபவத்தை வெளியே எடுக்க வெட்கப்படுகிறோம், நானும்தான். அகதிப் பிள்ளையாகத் தெரிந்துவிடுமோ என்று பயம். அந்த அறையில் திரைக்கு மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.

கேட்கக்கூடியவை சின்ன விஷயங்கள்தான். டெமோவை அமைச்சுக் கட்டடத்தில் வைக்காமல் ஒரு கவுண்டரில் வைக்கச் சொல்லலாம். கோப்புப் பார்க்கும் ஊழியரில் ஒருவரைக் கிழமைக்கு ஒருநாளாவது குழுவில் இருத்தச் சொல்லலாம். புதியது சரியாக ஓடும்வரை பழைய கவுண்டரை மூடவேண்டாம் என்று எழுத்தில் கேட்கலாம். எத்தனை விண்ணப்பம் வந்தது என்ற எண்ணிக்கையோடு, எத்தனை பேர் பத்திரம் பிந்தி வேலை இழந்தார்கள் என்பதையும் அதே திரையில் போடச் சொல்லலாம். கடைசியானதை நான் ஒருமுறை கேட்டேன். "அது எங்கள் எல்லைக்குள் வராது" என்றார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஊர்க்காரருக்கு உரிமைகள் பாதுகாவலரின் பிரதிநிதியோடு வருகிற திங்கட்கிழமைக்கு ஒரு சந்திப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் காசு இல்லை, பல பேருக்கு இது தெரியாது. பிரெபெக்சரிலுள்ள இணைய உதவி மையத்துக்கும் போய்வந்தார். அதுவும் சரிவராவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனுப் போடவேண்டும், அதற்கு ஒரு சட்டத்தரணியிடம் கதைத்திருக்கிறோம். இதை எழுதும்போது அவருடைய காட் முடிய இன்னும் நான்கு நாள்.