கேபிள் அறுந்தால் காரும் போச்சா?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கிலாந்தில் பழைய எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கியர் கேபிள் அறுந்து மெக்கானிக் கூலியைச் சொல்லும் அன்றைக்கு, இந்தப் பழமொழியின் பொருள் அவர்களுக்கு நன்றாகவே புரிந்துவிடும்.

கேபிள் என்பது ஒரு சின்ன சாமான். அதை மாற்ற ஆகும் வேலையோ பெரிது. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் உரிமையாளர், காரின் சந்தை விலையையும் பார்ப்பார். "இவ்வளவு பழைய காருக்கு இவ்வளவு செலவா?" என்று பெருமூச்சு விடுவார். பிறகு கார் காயலான் கடைக்குப் போகும். இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். இந்தக் கணக்கு தப்பு. எப்படித் தப்பு என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் காரைப் பற்றி. எம்ஜிஎஃப் 1995இல் வந்தது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, 1.8 லிட்டர் எஞ்சின். 2002 வரை 70,000க்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அதற்கு முன் எம்ஜி என்றாலே நினைவுக்கு வந்தது 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி. அந்தக் காரில் எஞ்சின் முன்னால் இருந்தது, கியர்பாக்ஸ் ஓட்டுநரின் பக்கத்திலேயே இருந்தது. கியர் தண்டு நேராக கியர்பாக்ஸின் தலையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் கேபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எம்ஜிஎஃப்பில் எஞ்சினைத் தூக்கி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். எடை நடுவில் வந்தால் வளைவுகளில் கார் அழகாகத் திரும்பும். நல்ல யோசனைதான். ஆனால் கியர் தண்டு முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் என்று ஆகிவிட்டது. இரண்டையும் இணைக்க இரண்டு நீளமான கேபிள்கள் தேவைப்பட்டன. ஜப்பானின் டொயோட்டா எம்ஆர்2, அமெரிக்காவின் பாண்டியாக் ஃபியரோ என்று நடுவில் எஞ்சின் வைத்த மற்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கும் கேபிள் தொல்லை உண்டு.

பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இடது கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். அதற்கும் இரண்டு கேபிள்கள். டிக்கியில் ஒரு கேபிளை எப்போதும் சுருட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அறுந்தால் தெருமுனை மெக்கானிக் கொஞ்ச நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். கார் கேபிளும் அந்த இனம்தான். ஆனால் ஸ்கூட்டர் கேபிள் இழுக்க மட்டும் செய்யும். கார் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் கொஞ்சம் தடிமனாக, விறைப்பாக இருக்கும்.

இரண்டு கேபிளுக்கும் தனித்தனி வேலை. ஒன்று தண்டின் முன்-பின் அசைவைக் கொண்டு போகும். மற்றது இட-வல அசைவைக் கொண்டு போகும். முதலாவது அறுந்தால் தண்டு சும்மா ஆடும், கார் எந்த கியரில் இருந்ததோ அதிலேயே நிற்கும். இரண்டாவது அறுந்தால் பல கார்களில் மூன்றாவது, நான்காவது கியர் மட்டும் விழும். ஏனென்றால் கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் நடு வரிசைக்கே தள்ளிக்கொண்டிருக்கும். முதல் கியரும் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

இத்தனைக்கும் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. கியர்பாக்ஸுக்கு ஒன்றுமில்லை. பிரேக், சக்கரம் எல்லாம் சரி. ஒரு கம்பி மட்டும் போச்சு. அதற்காக முழுக் காரும் நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வரலாம். எண்கள் வெறும் எடுத்துக்காட்டுக்குத்தான். ஓடும் நிலையில் கார் 1,500 பவுண்டுக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளும் கூலியும் சேர்த்து 600 பவுண்டு. "காரின் விலையில் 40 சதவீதம்! கட்டுப்படியாகாது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட வேண்டியது 600ஐயும் 1,500ஐயும் அல்ல.

கியர் விழாத காரை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும்? 500 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்த்தால் அது 1,500 ஆகிறது. அதாவது 600 பவுண்டு செலவில் காரின் மதிப்பு 1,000 பவுண்டு ஏறுகிறது. விற்கிற எண்ணம் உள்ளவருக்கே இதில் 400 லாபம். வைத்து ஓட்ட நினைப்பவருக்கு? உடைந்த காரை 500க்குத் தள்ளிவிட்டு, அதே மாதிரி இன்னொரு காரை 1,500க்கு வாங்கினால் கையை விட்டுப் போவது 1,000. பழுது பார்த்தால் போவது 600தான். மேலும் புதிதாக வாங்கும் அந்தப் பழைய காரின் கேபிளுக்கும் அதே வயதுதானே! அது எப்போது அறும் என்று யாருக்குத் தெரியும்?

வணிகவியல் பாடத்தில் இதை அதிகப்படியான செலவு, அதிகப்படியான வரவு என்று சொல்லிக் கொடுப்பார்கள். இந்த முடிவால் எது மாறுகிறதோ அதை மட்டும் பார்க்க வேண்டும். மாறாததைப் பார்க்கக் கூடாது.

அதே பாடம் மறுபக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். "போன வருஷம்தான் ஹெட் கேஸ்கெட் மாற்றினேன், அந்தப் பணம் வீணாகக் கூடாது" என்று சிலர் பழுது பார்ப்பார்கள். (இந்தக் காரின் கே-சீரிஸ் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் போவது ரொம்பப் பிரசித்தம்.) அதுவும் தப்பு. போன பணம் போனதுதான். எஞ்சின் இப்போது நன்றாக இருக்கிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதற்குச் செலவானது எவ்வளவு என்பது காரணமல்ல.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. "பழைய காரில் இன்று கேபிள் போகும், நாளை வேறொன்று போகும். எங்கே நிறுத்துவது?" என்பார்கள். நல்ல கேள்வி. பதில், காரின் அடியில் இருக்கிறது. கேபிள் மாற்ற எப்படியும் காரை உயர்த்தத்தான் வேண்டும். அப்போதே துருவைப் பார்த்துவிட வேண்டும். எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சப்ஃப்ரேம் அரித்துப்போயிருந்தால், கதவுக்குக் கீழே உள்ள சட்டம் உதிர்ந்துகொண்டிருந்தால், கேபிளுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. அந்த நிலையில் காரை விடுவதற்குக் காரணம் துரு. கேபிள் மீது பழி போடக் கூடாது. உடம்பு திடமாக இருந்தால் கேபிள் ஒரு சாதாரணத் தேய்மானச் சாமான். டயர் தேய்ந்ததற்காக யாராவது காரை எடைக்குப் போடுவார்களா?

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தாயிற்று. அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டுமே! இங்கேதான் பலர் சுமைகூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்து இரண்டு தடவை கொடுக்கிறார்கள்.

முதல் விஷயம், உண்மையில் அறுந்தது எது என்று பார்ப்பது. பல சமயம் கம்பி நன்றாகவே இருக்கும். நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் மட்டும் உடைந்து கழன்றிருக்கும். அதற்குப் புதிய புஷ் கிடைத்தால் அதோடு வேலை முடிந்தது. பார்க்காமலே முழு கேபிளை வாங்குவது வீண்.

இரண்டாவது, கேபிள் ஏன் போனது என்று கேட்பது. உறைக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்ததா? புகைக்குழாயின் சூட்டில் உறை வெந்ததா? ஏதாவது ஒரு கிளிப் விட்டுப்போய் கேபிள் தொங்கி மடிந்ததா? காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புது கேபிள் போட்டால், அதற்கும் அதே கதிதான்.

மூன்றாவது, இரண்டு கேபிளையும் சேர்த்தே மாற்றுவது. இரண்டும் ஒரே வயது, ஒரே வழி. நடுப்பெட்டியைக் கழற்றுவது, காரை உயர்த்துவது, எஞ்சின் பக்கம் இடுக்கில் கைவிடுவது எல்லாம் ஒரே கூலி. கூடுதல் செலவு ஒரு கேபிளின் விலையும் கொஞ்ச நேரமும்தான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து மற்றதற்கு மறுபடி முழுக் கூலி கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

வேலை செய்யும் விதத்திலும் சில நல்ல பழக்கங்கள் உண்டு. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது, உறுதியான ஸ்டாண்டு வேண்டும். பழைய கேபிளை உருவும் முன் அதன் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால், புது கேபிளை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். கேபிள் எங்கும் கூர்மையாக மடியக் கூடாது, சூடான குழாயைத் தொடக் கூடாது. தண்டையும் கியர்பாக்ஸையும் நியூட்ரலில் வைத்த பிறகே நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தியபடியே ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் முழுசாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். காருக்குக் கார் முறை மாறும் என்பதால் அந்தந்தக் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல் பக்கத்தில் இருப்பது நல்லது.

அறுந்த கம்பியை கிளாம்ப் போட்டு இணைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. வீடு போய்ச் சேர அது உதவலாம். அதோடு சரி. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது அந்த இணைப்பு கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது உரிமையாளரின் பொறுப்பு. தயாரிப்பாளருக்குப் பொறுப்பில்லையா?

எம்ஜி ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் திவாலானது. லாங்பிரிட்ஜ் ஆலையில் சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு சீனாவின் நான்ஜிங் நிறுவனம் சொத்துகளை வாங்கியது. பிறகு அது ஷாங்காயின் எஸ்ஏஐசி கைக்குப் போனது. 2019 முதல் இந்தியச் சாலைகளில் ஓடும் எம்ஜி கார்களில் இருப்பதும் அதே எட்டுமூலைச் சின்னம்தான். கம்பெனி செத்தாலும் பெயருக்கு விலை இருந்தது, வாங்க ஆள் இருந்தது. பழைய காரின் பாகங்களுக்கோ அப்படியொரு உத்தரவாதம் இல்லை.

எம்ஜிஎஃப்பின் ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷனைப் பாருங்கள். திரவமும் வாயுவும் நிரப்பிய உருண்டைகள் அவை. அவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஒரு சாதாரண பட்டறையில் அதைச் செய்ய முடியாது. ஆனால் கேபிள் அப்படியல்ல. உறையின் நீளம், உள்கம்பியின் நீளம், நகரும் தூரம், இரண்டு முனைகளின் வடிவம், பிடிப்புகள் இருக்கும் இடம். இவ்வளவு தெரிந்தால் கேபிள் செய்யும் எந்தப் பட்டறையும் செய்து கொடுக்கும். எளிமையான பாகத்துக்கு ஆயுசு கெட்டி.

ஆகவே கேட்பது பெரிய உதவி ஒன்றுமில்லை. ஒரு பாகத்தைத் தயாரிப்பதை நிறுத்தும்போது, அதன் அளவுப் படத்தை நிறுவனம் பொதுவில் வைத்துவிட வேண்டும். நிறுவனமே திவாலாகும்போது சொத்துகளை விற்பவர்கள் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். விற்காத பாகத்தின் ரகசியத்தைக் காப்பதில் யாருக்கு என்ன லாபம்?

முடியாத காரியமும் அல்ல. எம்ஜிபி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் அதன் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. பழைய அச்சுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அது நடந்தது. ஜப்பானில் மாஸ்டா நிறுவனம் 1989இல் வந்த தன் முதல் எம்எக்ஸ்-5 கார்களுக்கு மறுசீரமைப்புச் சேவையை 2017இல் அறிவித்தது, சில பழைய பாகங்களை மறுபடி தயாரிக்கவும் செய்தது. உடற்கூட்டையே செய்ய முடியும்போது ஒரு கேபிளின் படத்தைக் கொடுக்க முடியாதா?

புதிய கார்களை வடிவமைப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. தேயும் என்று தெரிந்த சாமானைக் கை எட்டாத இடத்தில் ஒளித்து வைத்தால், அதன் செலவை இருபது வருஷம் கழித்து வேறு யாரோ கொடுக்கிறார். தொழிற்சாலையில் மிச்சமான சில நிமிடங்கள், ஒர்க்‌ஷாப்பில் பல மணி நேரமாகத் திரும்பி வருகின்றன. அந்த மணிகளின் கூலிதான் கடைசியில் ஒரு நல்ல காரைக் காயலான் கடைக்கு அனுப்புகிறது.

சுமைகூலி முக்கால் பணம் என்றாலும், சுண்டைக்காய் வேண்டுமென்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கும் முன் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுக்கொண்டால் போதும்.