இமாம் கஸ்ஸாலியின் பெயரால் பூட்டப்படும் கதவு

‘மெய்யியலின் கதவை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அன்றே அடைத்துவிட்டார்கள், அதை நாம் ஏன் திறக்க வேண்டும்?’ என்ற முழக்கம் நம் பயான்களில் ஓயாமல் ஒலிக்கிறது. முஸ்லிம்களின் அறிவு வளர்ச்சி நின்றதற்கு அவர்களே காரணம் என்று பழி சுமத்துவோரும் இதையேதான் சொல்கின்றனர். ஒருவர் புகழ்கிறார், மற்றவர் இகழ்கிறார், கதை ஒன்றுதான். அந்தக் கதை பொய் என்கிறோம்.

பக்தாத் நிஜாமிய்யாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஈராண்டுக்குள் மெய்யியலைக் கற்றதையும், மேலும் ஓராண்டு அதையே சிந்தித்ததையும் இமாமவர்கள் ‘அல்முன்கித்’ நூலில் எழுதியுள்ளார்கள். அவர்களுடைய ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ எதிர்த்தரப்பை எவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தது தெரியுமா? லத்தீனில் அதைப் படித்த ஐரோப்பியர், ஆசிரியரையும் இப்னு ஸீனாவின் வழியினர் என்றே எண்ணிவிட்டனர்! 1095இல் முடிந்த ‘தஹாஃபுத்’ 20 பிரச்சினைகளை ஆராய்கிறது. குஃப்ர் என்று தீர்ப்பளிப்பதோ மூன்றை மட்டுமே. கிரகணத்துக்கு வானியலார் தரும் கணித விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்ற எச்சரிக்கையும் அந்நூலின் முன்னுரையில்தான் உள்ளது. மன்திக் அறியாதவரின் கல்வி நம்பத்தக்கதன்று என்று, உஸூலுல் ஃபிக்ஹ் நூலான ‘முஸ்தஸ்ஃபா’வின் தொடக்கத்தில் எழுதியவர்களும் அவர்களே.

கதவு அடைபடவும் இல்லை. இமாமவர்கள் பிறந்த அதே தூஸ் நகரில் 1201இல் பிறந்த நஸீருத்தீன் தூஸி, இப்னு ஸீனாவின் ‘இஷாராத்’துக்கு விரிவுரை எழுதினார், 1259இல் மராகாவில் வான் ஆய்வகம் எழுப்பினார். பதினேழாம் நூற்றாண்டில் ஷீராஸின் முல்லா ஸத்ரா ‘அஸ்ஃபார்’ எழுதினார். ‘ஹிதாயத்துல் ஹிக்மா’வுக்கு அவர் எழுதிய விரிவுரை, ‘ஸத்ரா’ என்ற பெயரிலேயே லக்னோ ஃபிரங்கி மஹலின் தர்ஸே நிஜாமியில் பாடநூலாயிற்று. அவர் ஷீஆ அறிஞர் என்பது ஹனஃபி உலமாக்களுக்குத் தெரியாததன்று, தெரிந்தே ஓதிக்கொடுத்தார்கள்.

இன்றோ, நம் வீட்டுப் பெண்ணொருத்தி பாரசீகச் சுவடிகளையோ மெய்யியலையோ ஆராய விரும்பினால் ‘ஈமான் போய்விடும்’ என்று அச்சுறுத்துகிறோம். அதே மகளைப் பொறியியலுக்கு அனுப்பும்போது இந்த அச்சம் எங்கே போகிறது? வருமானம் வராத கல்வி வேண்டாம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதற்கு இமாமவர்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.